இரண்டு ரசீதுகள்

சென்ற மாதம் என் தம்பி விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தான். சரக்குக் கப்பலில் இரண்டாம் பொறியாளனாக இருக்கிறான். வீட்டுக்கு வந்தால் எதையாவது எடுத்துத் துடைத்து அடுக்காமல் அவனால் இருக்க முடியாது, கப்பல் பழக்கம். இம்முறை அவன் கையில் அகப்பட்டது அம்மாவின் பீரோவுக்கு மேலிருந்த பழைய பிஸ்கட் டப்பா. திறந்தால் முழுக்க அப்பாவின் மருந்துக்கடை ரசீதுகள். அப்பா இறந்து இரண்டாண்டுகள் ஆகின்றன. மூச்சோடு இழுக்கும் மருந்து, நெபுலைசருக்கு ஊற்றும் திரவம், வாடகைக்கு எடுத்த ஆக்சிஜன் சிலிண்டர் என்று ஆறாண்டுக் கணக்கு அதற்குள் கிடந்தது.

"இதையெல்லாம் எதுக்கும்மா வச்சிருக்க?" என்று கேட்டான்.

"இருந்துட்டுப் போகுது. சோறா கேக்குது?" என்றாள் அம்மா.

அவன் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கைப்பேசியில் கூட்டத் தொடங்கினான். கூட்டி முடித்தபின் தொகையைச் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, "எங்க கப்பல்லயும் இப்படித்தாங்க்கா. எண்ணெய் ஏத்துனா ஒரு ரசீது. மூணு வருசம் பத்திரமா வச்சிருக்கணும்" என்றான்.

கப்பலுக்கு எரிபொருள் ஏற்றும் ஒவ்வொரு முறையும், வழங்குபவர் ஒரு சீட்டு எழுதித் தரவேண்டும் என்பது பன்னாட்டு விதி. எந்த நாள், எந்தத் துறைமுகம், எத்தனை டன் என்பவற்றோடு அந்த எண்ணெயில் கந்தகம் எத்தனை விழுக்காடு என்பதும் அதில் எழுதப்பட்டிருக்கும். ஏற்றும்போதே சொட்டுச் சொட்டாக எடுத்த மாதிரி எண்ணெயை ஒரு குப்பியில் அடைத்து, முத்திரையிட்டு, இருதரப்பும் கையெழுத்திட்டு, குறைந்தது 12 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். துறைமுகத்தில் அதிகாரிகள் ஏறிச் சோதித்தால் முதலில் கேட்பது அந்தச் சீட்டைத்தான்.

ஒரு ரசீது எண்ணெய்க்கு, இன்னொன்று மூச்சுக்கு. இரண்டையும் அருகருகே வைத்து யோசித்ததன் விளைவு இக்கட்டுரை. நான் தமிழ் படித்தவள். கணக்குகளையெல்லாம் தம்பியை உட்காரவைத்துக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டேன்.

*

எங்கள் அப்பா தூத்துக்குடித் தோணியில் தண்டலாக இருந்தவர். ஜோ டி குருஸின் 'கொற்கை' நாவலைப் படித்த நண்பர்களுக்கு அந்த உலகத்தை நான் விளக்கவேண்டியதில்லை. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் வெங்காயமும் கருங்கல்லும் ஓடும் ஏற்றிக்கொண்டு பாய்விரித்துப் போன தோணிகள் அவை. காற்று திரும்பினால் பயணம், திரும்பாவிட்டால் காத்திருப்பு. என் பள்ளி நாட்களில்தான் அவற்றுக்கு ஒவ்வொன்றாக இயந்திரம் பூட்டினார்கள். அப்பாவுக்கு அதில் வருத்தம் ஏதுமில்லை. "காத்துக்கு வாய் பாத்து நிக்கிறவனுக்குத்தான் அதோட அருமை தெரியும். எஞ்சின் வந்த பிறகுதான் வீட்டுக்கு இன்ன தேதிக்கு வருவேன்னு சொல்ல முடிஞ்சிது" என்பார்.

புறநானூற்றில் வெண்ணிக்குயத்தியார் கரிகாலனைப் பாடிய 66ஆம் பாட்டை நான் ஆண்டுதோறும் நடத்துகிறேன். நடுக்கடலில் காற்றை வேலை வாங்கிக் கப்பலோட்டியவனின் வழிவந்தவனே என்று அவனை அழைத்துத் தொடங்கும் பாட்டு. சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, "அந்தக் காத்துக்குச் செலவு ஒண்ணும் கிடையாதே மேடம், அதுல என்ன பெருமை?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, அறிவுக்குத்தான் அங்கே பெருமை என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஆனால் கேள்வி தங்கிவிட்டது. பட்டினப்பாலையில் புகார்த் துறையில் வந்திறங்கும் சரக்குக்கெல்லாம் புலிமுத்திரை குத்திச் சுங்கம் கொள்ளும் காட்சி வருகிறது. மலையெனக் குவிந்த பொதிகளுக்குக் கணக்கு உண்டு. அவற்றைக் கொண்டுவந்து சேர்த்த காற்றுக்கு இல்லை. காற்றைச் செலவில்லாத பொருளாகவே நாம் நெடுங்காலம் எண்ணி வந்திருக்கிறோம். பாய் போய்ப் புகைபோக்கி வந்தபிறகும் அந்த எண்ணம் மாறவில்லை என்பதுதான் சிக்கல்.

*

பெரிய கப்பல்கள் எரிப்பது நாம் பெட்ரோல் நிலையத்தில் பார்க்கும் எண்ணெயை அல்ல. கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் என்று மதிப்புள்ளவற்றையெல்லாம் வடித்தெடுத்தபின் அடியில் தங்குகிற கசடு அது. தார் போலக் கறுத்துக் கெட்டியாக இருக்கும். தொட்டியிலிருந்து குழாயில் ஓடவைப்பதற்கே அதைச் சூடாக்க வேண்டும். பிரித்துச் சுத்தப்படுத்தும் இயந்திரத்துக்குள் ஏறத்தாழ 98 பாகை வெப்பத்தில் அனுப்பி நீரையும் மண்ணையும் களைவார்கள். இயந்திரத்துக்குள் பீய்ச்சும்போது வெப்பம் 130 பாகையைத் தாண்டியிருக்கும். தம்பி முதன்முதல் கப்பலுக்குப் போய்த் திரும்பியபோது அவன் நகக்கண்களில் இருந்த கறுப்பு ஒரு மாதம் போகவில்லை. அம்மா எலுமிச்சம்பழத் தோலைத் தேய்த்துப் பார்த்தாள். அது வேறு சங்கதி.

இந்தக் கசட்டுக்கு ஒரே நற்குணம், விலை மலிவு. அதனால்தான் அரை நூற்றாண்டுக்கும் மேலாக உலக வணிகம் அதன்மேல் மிதந்தது. அளவில் பார்த்தால் உலகச் சரக்கு வணிகத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கடல்வழியே நடக்கிறது. கச்சாவிலிருந்த கந்தகத்தின் பெரும்பகுதி கசட்டில் தங்கிவிடுகிறது. எரியும்போது அது கந்தக டை ஆக்சைடாகி, காற்றில் நுண்துகளாக மாறி, நுரையீரலின் கடைசிக் கிளை வரை போகிறது.

எவ்வளவு கந்தகம் என்பதற்கு ஓர் ஒப்பீடு சொல்கிறேன். 2020 ஏப்ரல் முதல் இந்தியச் சாலைகளில் ஓடும் வாகனங்களுக்கான பெட்ரோலிலும் டீசலிலும் பத்து லட்சம் பங்கில் 10 பங்குக்கு மேல் கந்தகம் இருக்கக்கூடாது. நான் கல்லூரிக்கு ஓட்டிப்போகும் ஸ்கூட்டருக்கும் இதே விதிதான். நடுக்கடலில் ஓடும் கப்பலுக்கு 2019 டிசம்பர் 31 வரை இருந்த வரம்பு 3.5 விழுக்காடு. அதாவது பத்து லட்சத்தில் 35,000 பங்கு. என் ஸ்கூட்டரைப்போல் 3,500 மடங்கு. மறுநாள், 2020 ஜனவரி 1 அன்று, வரம்பு 0.5 விழுக்காடாகக் குறைந்தது. பெரிய குறைப்புதான். அப்போதும் 500 மடங்கு.

இந்த விதி ஒரே நாளில் வந்துவிடவில்லை. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு கப்பல்களின் காற்று மாசு பற்றிய இணைப்பை 1997இல் ஏற்றது. அது நடைமுறைக்கு வந்தது 2005இல். அப்போது வரம்பு 4.5 விழுக்காடு. 2012இல் 3.5 ஆயிற்று. பால்டிக் கடல், வடகடல், வட அமெரிக்கக் கரையோரம் முதலிய சிறப்புப் பகுதிகளில் மட்டும் 2015 முதல் 0.1 விழுக்காடு. 2025 மே முதல் மத்தியதரைக் கடலும் அப்பட்டியலில் சேர்ந்துவிட்டது. எந்தெந்தக் கடற்கரை மக்களின் நுரையீரல் முதலில் கணக்கில் ஏறியது என்று இப்பட்டியலைப் பார்த்தாலே விளங்கும். நம் வங்கக் கடலும் மன்னார் வளைகுடாவும் அதில் இல்லை.

*

"சரி, இந்தக் குறைப்புக்கு எவ்வளவு செலவு? எனக்குப் புரிகிற மாதிரிச் சொல்லு" என்றேன். தம்பி ஒரு பழைய கேள்வித்தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினான்.

ஐம்பதாயிரம் டன் சரக்கேற்றும் ஒரு கப்பல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 டன் எண்ணெய் எரிக்கும். 2020 ஜனவரியில் சிங்கப்பூரில் பழைய கசட்டெண்ணெய்க்கும் கந்தகம் குறைந்த புதிய எண்ணெய்க்கும் இருந்த விலை வேறுபாடு டன்னுக்கு 300 டாலருக்கு மேல். 300 என்றே வைத்துக்கொண்டால் நாளொன்றுக்குக் கூடுதல் செலவு 9,000 டாலர். இருபது நாள் பயணத்துக்கு 1,80,000 டாலர். கப்பல் முதலாளிக்கு வயிற்றைக் கலக்கும் தொகைதான்.

"இப்ப அதையே சரக்கால வகுத்துப் பாரு" என்றான்.

வகுத்தேன். டன்னுக்கு 3.60 டாலர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 255 ரூபாய். அந்தக் கப்பல் ஆஸ்திரேலியாவிலிருந்து பருப்பு ஏற்றிக்கொண்டு வந்ததாக வைத்துக்கொண்டால் கிலோவுக்குக் கூடுதல் செலவு கால் ரூபாய். சரக்கெடுக்க வெறுங்கப்பலாகப் போன செலவையும் சேர்த்தால் அரை ரூபாய்.

நான் இரண்டாம் முறையும் கூட்டிப் பார்த்தேன். விலை வேறுபாடு உச்சத்தில் இருந்த நாட்களின் கணக்கு இது. சில மாதங்களிலேயே கொரோனாவால் எண்ணெய் விலை சரிந்து, வேறுபாடு 100 டாலருக்கும் கீழே இறங்கிவிட்டது. நாங்கள் மாதம் வாங்கும் நான்கு கிலோ பருப்புக்கு மிஞ்சிப்போனால் இரண்டு ரூபாய். அதைக் கொடுக்கமாட்டேன் என்று சொல்பவரை நான் பார்த்ததில்லை. ஆனால் அப்படி யாரும் நம்மைக் கேட்பதுமில்லை. கப்பல் முதலாளி, வாடகைக்கு எடுத்தவர், ஏற்றுமதியாளர், மொத்த வியாபாரி என்று ஒவ்வொரு படியிலும் அடுத்தவர் குறைவாகக் கேட்கிறார் என்ற அச்சம் இருக்கிறது. நான் மட்டும் நல்ல எண்ணெய் எரித்தால் சரக்கு பக்கத்துக் கப்பலுக்குப் போய்விடும் என்பது உண்மை. அதனால்தான் தனித்தனி நல்லெண்ணத்தால் ஆகாதது எல்லாருக்குமான விதியால் ஆயிற்று.

மலிவுக் கட்டணம் என்ன செய்யும் என்பது எங்கள் ஊருக்குத் தெரியாததல்ல. 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, எதிரே நின்ற ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் இலவசமாக ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்ததாக இன்றும் சொல்வார்கள். அந்தக் குடைக்கு யாரோ எங்கேயோ விலை கொடுத்துத்தான் இருக்கவேண்டும்.

*

விதி வந்தபோது முதலாளிகள் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, விலை கூடிய எண்ணெயை வாங்குவது. மற்றொன்று, பழைய எண்ணெயையே எரித்துக்கொண்டு புகைபோக்கியில் ஸ்க்ரப்பர் என்னும் கழுவும் கருவியைப் பொருத்துவது. இதற்குப் பல லட்சம் டாலர் ஆகும். பெரிய கப்பல்களுக்கு முப்பது, ஐம்பது லட்சம் வரை போகும். ஆயினும் நாளுக்கு 9,000 டாலர் மிச்சமென்றால் இரண்டாண்டில் போட்ட முதல் திரும்பிவிடும் என்று பலர் பொருத்திக்கொண்டார்கள். விலை வேறுபாடு சரிந்தபோது அக்கணக்கு ஆறேழு ஆண்டுக்கு நீண்டது.

இக்கருவியைப் பற்றித் தம்பி விளக்கியபோது அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தாள். திறந்த சுற்று வகையில், கடல்நீரை உறிஞ்சி மேலே ஏற்றிப் புகைமேல் பொழியவிடுவார்கள். கந்தகம் நீரில் கரையும். புகை ஓரளவு சுத்தமாக வெளியே போகும்.

"அந்தத் தண்ணி?" என்றாள் அம்மா.

"கடலுக்குத்தாம்மா."

"வீட்டைப் பெருக்கித் தெருவுல தள்ளுத மாதிரில்லா இருக்கு" என்றாள்.

அமிலமும் உலோகத் துகள்களும் எண்ணெய்க் கரியும் கலந்த அந்நீர் கரையோரத்தில் தேங்கக்கூடாதென்று சிங்கப்பூரும் ஃபுஜைராவும் 2020இலேயே தம் துறைமுகங்களில் தடைசெய்தன. டென்மார்க் 2025 ஜூலை முதல் தன் கடல் எல்லைக்குள் தடுத்திருக்கிறது. கருவி வாங்கியவரின் செலவு குறைந்தது. மீதியைக் கடல் ஏற்றது; கடலை நம்பிப் பிழைப்பவர்கள் ஏற்றார்கள்.

புதிய எண்ணெயும் குற்றமற்றதல்ல. கந்தகத்தைப் பிரிக்கச் சுத்திகரிப்பு ஆலையில் ஹைட்ரஜன் வேண்டும். அதைப் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து எடுக்கிறார்கள். அப்போது கரியமில வாயு வெளியேறுகிறது. இன்னொரு விசித்திரமும் உண்டு. கந்தகத் துகள்கள் கடல்மேல் மேகங்களை வெண்மையாக்கி வெயிலைத் திருப்பியனுப்பிக் கொண்டிருந்தன. கப்பல் போன வழியெல்லாம் மேகத்தில் வெள்ளைக் கோடு விழுவதைச் செயற்கைக்கோள் படங்களில் காணலாம். 2020க்குப் பின் அக்கோடுகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. நாம் மூச்சுக்காகப் புகையைக் குறைத்ததில் ஒரு நிழலும் குறைந்து வெப்பம் சற்றுக் கூடியிருக்கிறது. அளவு எவ்வளவு என்பதில் அறிவியலாளரிடையே விவாதம் நடக்கிறது. இதைக் கொண்டு பழைய புகையே நல்லது என்று வாதிடுபவர்களும் உண்டு. அழுக்குத் திரையைக் கிழித்தால் வெயில் வருகிறதென்று திரையைத் துவைக்காமல் விடுகிறவர்களை என்ன சொல்வது?

*

எந்தச் சீட்டிலும் வராத செலவொன்றும் உண்டு. 2019 செப்டம்பரில் தம்பி நான்காம் பொறியாளனாகக் கப்பலேறினான். புத்தாண்டுக்குள் எண்ணெய் மாற்றவேண்டும். பல ஆண்டுக் கசடு அடியில் உறைந்திருக்கும் தொட்டிகளில் புதிய எண்ணெயை ஊற்றினால் அதுவும் கெட்டு வரம்பு மீறும். 2020 மார்ச் 1 முதல் ஸ்க்ரப்பர் இல்லாத கப்பல்கள் பழைய எண்ணெயை எரிக்கவேண்டி வைத்திருப்பதே குற்றம். எனவே நவம்பர், டிசம்பர் முழுக்கத் தொட்டிக்குள் இறங்கிச் சுரண்டினார்கள். காற்றைச் சோதித்து, வெளியே ஓர் ஆளை நிறுத்திவிட்டு, முழங்காலிட்டு, தகட்டாலும் துணியாலும் வாரி, வாளி வாளியாக மேலே தூக்கினார்கள். வாரியது எத்தனை வாளி என்று அவன் ஒரு நோட்டில் குறித்திருந்தான். ஆயிரத்துக்குமேல் எண்ணவில்லையாம்.

புதிய எண்ணெய்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத கலவைகள். ஒரு துறைமுகத்தில் வாங்கியதும் இன்னொன்றில் வாங்கியதும் கலந்தால் திரிந்து சேறாகி வடிகட்டியை அடைக்கும். சூடான எண்ணெயிலிருந்து டீசலுக்கு மாற்றும்போது வெப்பத்தை நிமிடத்துக்கு இரண்டு பாகைக்குமேல் குறைத்தால் எண்ணெய்ப் பம்பு இறுகி நின்றுவிடலாம். இராப்பகலாக இதற்குக் காவலிருந்தவர்களுக்குக் கூடுதல் சம்பளம் ஏதும் வரவில்லை. மார்ச்சில் இறங்கவேண்டியவன், கொரோனாவால் துறைமுகங்கள் மூடப்பட்டதால் நவம்பரில்தான் வீட்டுக்கு வந்தான். அவ்வாண்டு இறுதியில் நான்கு லட்சம் மாலுமிகள் இப்படிக் கப்பல்களிலேயே மாட்டிக்கொண்டிருந்ததாகப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு கணக்கிட்டது. அப்பா அந்நாட்களில் மூச்சு வாங்கியபடி அவனோடு தொலைபேசியில் பேசுவார். "காத்து எப்படிடா இருக்கு?" என்பதுதான் அவர் எப்போதும் கேட்கும் கேள்வி. தண்டல் கேட்ட கேள்வி அது. இயந்திர அறையிலிருந்தவன் என்ன பதில் சொல்வான்?

*

அப்பாவுக்கு நாட்பட்ட நுரையீரல் அடைப்பு என்று மருத்துவர் முதலில் சொன்னபோது, "பீடி உண்டா?" என்று கேட்டார். இல்லை. அப்பா பீடியைத் தொட்டதில்லை. "வீட்டில் விறகடுப்பா?" பழைய காலத்தில் இருந்தது. "என்ன வேலை?" தோணி. மருத்துவர் எழுதிக்கொண்டார், அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

நான் இங்கே கவனமாக எழுதவேண்டும். எங்கள் ஊரில் அனல்மின் நிலையங்கள் உண்டு, நிலக்கரி இறங்கும் துறைகள் உண்டு, லாரிகள் உண்டு, அப்பா இருபதாண்டு நின்ற பின்தளத்துக்குப் பக்கத்திலேயே தோணியின் புகைக்குழாயும் இருந்தது. துறைமுகத்தில் கட்டியிருக்கும் கப்பல்களும் விளக்குக்கும் பம்புக்கும் மின்னாக்கியை ஓட்டிக்கொண்டுதான் நிற்கும். மாடியில் அம்மா காயப்போட்ட வற்றலின்மேல் படிந்த கறுப்பில் எது எதனுடையது என்று யார் பிரிப்பது? அப்பாவைக் கப்பல் புகை கொன்றது என்று நான் எழுதினால் அது பொய். கப்பல் புகைக்கும் அவருக்கும் தொடர்பில்லை என்று எழுதினாலும் பொய்யாக இருக்கலாம்.

தனி மனிதனில் காட்டமுடியாததைக் கூட்டத்தில் கணக்கிட முடியும். 2007இல் ஜேம்ஸ் கார்பெட்டும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு, கப்பல் புகையின் நுண்துகளால் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 பேர் முன்கூட்டியே இறப்பதாக மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பா, கிழக்காசியா, தெற்காசியா ஆகியவற்றின் கரையோர மக்கள். 2018இல் வந்த இன்னும் விரிவான ஆய்வொன்று, பழைய எண்ணெயே தொடர்ந்தால் 2020இல் நான்கு லட்சம் பேர் என்றும், புதிய விதியால் அது ஏறத்தாழ 2,66,000 ஆகக் குறையும் என்றும் கணித்தது. மதிப்பீடுகள் இப்படி வேறுபடுவதால் இவற்றை நம்பாதவர்களும் உண்டு. ஆனால் எந்த ஆய்வும் பூஜ்யம் என்று சொல்லவில்லை.

எனக்கு உறுத்துவது இதுதான். புகையைக் குறைப்பதற்கான செலவுக்கு ரசீது உண்டு. டன் கணக்கு உண்டு. இரண்டு கையெழுத்தும் முத்திரையிட்ட குப்பியும் உண்டு. ஆகவே அது எந்தக் கூட்டத்திலும் எழுந்து நின்று பேசுகிறது. புகையைக் குறைக்காததன் செலவும் யாராலோ கட்டப்பட்டுத்தான் வந்திருக்கிறது. அதன் ரசீதுகள் ஊர் ஊராகப் பிஸ்கட் டப்பாக்களில் சிதறிக்கிடக்கின்றன. அவற்றில் எதிலும் கப்பலின் பெயர் எழுதியிருக்காது. கப்பல் புகையைக் குறைத்தால் செலவு கூடும் என்று சொல்லும்போதெல்லாம், செலவு அன்றைக்குத்தான் பிறந்தது போலப் பேசுகிறோம். அது டப்பாவிலிருந்து கணக்குப் புத்தகத்துக்கு இடம் மாறியது என்று சொல்வதுதான் சரி.

தம்பி இதை முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை. "அரை ரூபாய் உனக்குப் பெரிசில்ல. எல்லாருக்கும் அப்படியா?" என்றான். நியாயமான கேள்வி. அரிசி முதல் மருந்து வரை கப்பலில் வரவழைக்கும் சிறு தீவு நாட்டுக்குச் சரக்குக் கட்டணம் உயர்வது உயிர்ப்பிரச்சினை. ஆயினும் 2021இல் கப்பல்கள் வெளியிடும் கரியமில வாயுவுக்கு டன்னுக்கு 100 டாலர் வரி போடவேண்டும் என்று முன்மொழிந்தவை மார்ஷல் தீவுகளும் சாலமன் தீவுகளும்தான். கட்டணம் ஏறினால் முதலில் அடிபடுபவர்கள் அவர்களே. கடல் ஏறினால் முதலில் மூழ்குபவர்களும் அவர்களே. இரண்டு ரசீதுகளையும் ஒருசேரக் கையில் வைத்திருப்பவர்கள், எதைக் கட்டுவதென்று தீர்மானித்துவிட்டார்கள். மற்றவர்களுக்கு அவ்வளவு அவசரமில்லை. கரியமில வாயுவுக்கு விலைவைக்கும் திட்டம் 2025 ஏப்ரலில் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பில் ஒப்புதல் பெற்று, அக்டோபரில் இறுதி முடிவுக்கு வந்தபோது, வாக்கெடுப்பை ஓராண்டு தள்ளிவைத்துக் கலைந்தார்கள். சொல்லப்பட்ட காரணங்களில் முதன்மையானது செலவு.

வெண்ணிக்குயத்தியார் பாட்டில் வரும் காற்று இப்போது திரும்பி வருவதாகவும் செய்தி. 2023இல் 'பிக்சிஸ் ஓஷன்' என்ற சரக்குக் கப்பல், மடக்கி நிமிர்த்தக்கூடிய இரண்டு எஃகுப் பாய்களோடு சீனாவிலிருந்து பிரேசிலுக்குப் போயிற்று. படத்தை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "உங்க அப்பா பாத்திருந்தா, பாய் பத்தாதுன்னு சொல்லியிருப்பாங்க" என்றாள்.

தம்பி சென்ற வாரம் சிங்கப்பூரில் கப்பலேறினான். போகும்போது டப்பாவைத் துடைத்து, ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கி, பழைய இடத்திலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறான். நேற்று இரவு அவனிடமிருந்து ஒருவரிச் செய்தி: எண்ணெய் ஏற்றுகிறார்கள், கையெழுத்து வேலை இருக்கிறது, நாளை பேசுகிறேன்.